கையெழுத்து தீர்ந்த சனிக்கிழமை

அக்கா, அந்தப் பேனா எழுதுமா?

இல்லை, பை ஓரத்தில் செருகி வைத்திருக்கிறீர்களே, அதனால் கேட்டேன். அதைப் பார்த்துத்தான் இந்த ஸீட்டில் வந்து உட்கார்ந்தேன். பின்னால் காலியாகத்தான் இருக்கிறது. எனக்கு யாரிடமும் பேச வராது அக்கா. கண்டக்டரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லவே வாய் வராது. ஒருதடவை அவர் அடுத்த ஊருக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டார். மாற்றிக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு அந்த ஊரிலேயே இறங்கி, பிள்ளையை இடுப்பில் வைத்து நடந்தே திரும்பி வந்தேன். அப்படிப்பட்டவள் இன்றைக்குக் கலெக்டரிடம் மனு கொடுக்கப் போகிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனு எழுதி வைத்திருக்கிறேன். பென்சிலில். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். நல்ல எழுத்தில் ஒருதடவை எழுதிக் கொடுத்துவிடுங்கள் அக்கா, புண்ணியமாகப் போகும். வெள்ளைத்தாள் கொண்டுவந்திருக்கிறேன். அவசரமில்லை, கலெக்டர் ஆபீஸ் போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் உங்களுக்கு எழுத வரும்.

என்ன, குல்லாயைப் பார்க்கிறீர்களா? பஸ்ஸில் எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள். இந்த வெயிலில் பிள்ளைக்குக் கம்பளிக் குல்லாய் போட்டுக் கூட்டி வருகிறாளே, பைத்தியமா என்று. கழற்றினால் கத்துவாள் அக்கா. தன்ஷிகா இவள் பெயர். மூன்று வயது. அந்தக் குல்லாய் எங்கள் டாக்டரம்மா கொடுத்தது. மனுவே அந்த டாக்டரம்மாவுக்காகத்தான்.

எங்கள் ஊரில் கவர்மென்ட் ஆஸ்பத்திரி இருக்கிறது. கட்டிடம் நன்றாக இருக்கும். டாக்டர்தான் இருக்கமாட்டார். இல்லை, இருக்கிறார், பெரிய டாக்டர் என்று ஒருவர். ஆனால் அவர் இருப்பது மூன்று தெரு தள்ளி, அவருடைய சொந்தக் கிளினிக்கில். ஆஸ்பத்திரியில் அவருடைய நாற்காலி இருக்கும். நாற்காலி முதுகில் வெள்ளை டர்க்கி டவல் போட்டிருக்கும். துவைத்து, மடித்து, வாரத்துக்கு ஒன்று மாற்றிவிடுவார்கள். எங்கள் ஊரில் வயசானவர்கள் அந்த டவலைப் பார்த்தே கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள். நானும் போட்டிருக்கிறேன். ஒருதடவை கும்பிட்டுவிட்டுத்தான் தலையைத் தூக்கிப் பார்த்தேன், ஆளில்லை.

அப்போதுதான் பெனிட்டா டாக்டரம்மா வந்தது. சின்ன வயசு, என்னைவிட இரண்டு மூன்று வயசுதான் கூட இருக்கும். நாகர்கோவில் பக்கம். டாக்டருக்குப் படித்தது கிர்கிஸ்தானில். எங்கள் ஊர்க்காரர்கள் வாயில் அது நுழையாது, அதனால் ‘ரஷ்யாவுக்கு அங்கிட்டு’ என்று சொல்லிக்கொள்வோம். வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே வந்து ஒரு பரீட்சை எழுத வேண்டுமாம். அதையும் எழுதி மூன்றாவது தடவையில் பாஸாகிவிட்டது. அப்புறமும் ஒரு வருஷம் ஒரு பெரிய டாக்டர் பக்கத்தில் நின்றுகொள்ள, அவர் பார்வையில்தான் வைத்தியம் பார்க்க வேண்டுமாம். தனியாகப் பார்க்கக் கூடாது. வருஷம் முடிந்தால் கவர்மென்ட்டில் ஒரு நம்பர் கொடுப்பார்கள். அந்த நம்பர் வந்தால்தான் முழு டாக்டர். இதெல்லாம் நர்ஸம்மா சுகந்தி சொல்லித் தெரியும்.

முதலில் எங்கள் ஊரில் யாருக்கும் நம்பிக்கை இல்லை. என் மாமியார் முதல்நாளே வரிசையில் நின்று எல்லோரும் கேட்கிற மாதிரி கேட்டார்கள், “ஏம்மா, நீ படிச்ச ஊர்ல தேளு உண்டா?”

டாக்டரம்மா சிரித்தது. “தேள் இல்லம்மா. கரடி உண்டு.”

“அப்பம் கரடி கடிச்சா வாரேன்” என்று சொல்லிவிட்டு அத்தை முழங்கால் வலியோடேயே வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

இப்போது கையெழுத்து விஷயத்தைச் சொல்ல வேண்டும். இதுதான் முக்கியம், கவனமாகக் கேளுங்கள். டாக்டரம்மா பார்க்கிற ஒவ்வொரு ஆளையும் ஒரு நீள நோட்டில் எழுத வேண்டும். பெயர், என்ன நோவு, என்ன மருந்து. கடைசிக் கட்டத்தில், ‘என் முன்னிலையில் பார்க்கப்பட்டது’ என்று அச்சடித்திருக்கும். நானே எழுத்துக்கூட்டி வாசித்திருக்கிறேன். அதில் பெரிய டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் பாவம், கிளினிக்கில் கூட்டம், தினமும் வர முடியுமா? அதனால் திங்கள்கிழமை காலையில் கார் வந்து நிற்கும். இறங்கி வருவார். நாற்காலியில்கூட உட்காரமாட்டார், டவல் கசங்கிவிடும். நின்றவாக்கிலேயே நோட்டைப் பிரித்து நூற்றிருபது கையெழுத்துப் போடுவார். ஒரு நாளைக்கு இருபது, ஆறு நாளைக்கு நூற்றிருபது. அடுத்த சனிக்கிழமை வரைக்கும் ஊரில் யாருக்கெல்லாம் காய்ச்சல் வரப்போகிறதோ அத்தனைக்கும் அன்றைக்கே அவர் முன்னிலையில் வைத்தியம் முடிந்துவிடும்.

சிரிக்காதீர்கள் அக்கா. பழகிவிட்டது எங்களுக்கு. திங்கள் செவ்வாயில் போனால் தாராளமாகப் பார்ப்பார்கள். வியாழக்கிழமை ஆனால் சுகந்தி வாசலிலேயே நின்று கேட்பாள், “காய்ச்சலா, வெறும் தும்மலா? தும்மலுக்கெல்லாம் கையெழுத்த வீணாக்காத, போய் ஆவி பிடி.” வெள்ளிக்கிழமை பெரிய ஆட்கள் விட்டுக்கொடுப்பார்கள். “என் கையெழுத்த அந்தப் பச்சப்பிள்ளைக்குக் குடுத்துரு தாயி, நான் திங்கக்கிழமை இருமிக்கிடுதேன்” என்று எங்கள் தபால்காரர் சொன்னதை நானே கேட்டேன். எங்கள் ஊர்க்காரர்கள் நல்ல மனுஷர்கள். சனிக்கிழமை மத்தியானம் பெரும்பாலும் தீர்ந்துபோகும். கையெழுத்து தீர்ந்தாச்சு என்று சுகந்தி கதவில் அட்டையைத் தொங்கவிடுவாள்.

ஆனால் டாக்டரம்மா வைத்தியம் நல்ல வைத்தியம். எதிர்வீட்டு வேணிக்குப் பிள்ளை குறுக்கே கிடந்தபோது, தனியாகவே பார்த்து, கையை வைத்தே திருப்பி எடுத்தது. தாயும் பிள்ளையும் நல்லபடியாக வந்தார்கள். என் கொழுந்தன் காலில் தகரம் கிழித்ததற்குப் பதினோரு தையல், தழும்பு தெரியாது. அத்தைகூடக் கரடி கடிக்காமலேயே போய் முழங்காலுக்கு மாத்திரை வாங்கி வந்தார்கள்.

எங்கள் வீட்டில் கக்கூஸ் கட்டச் செங்கல் இறக்கியிருந்தோம். நாலு மாசம் முந்தி, ஒரு சனிக்கிழமை. மூன்று மணி இருக்கும். இவள் செங்கல் இடுக்கில் கையை விட்டாள். ‘அம்மா’ என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் செந்தேள். கொஞ்சநேரம் அழுதாள். அப்புறம் அழவில்லை அக்கா. வேர்த்துக் கொட்டியது. சட்டை பிழிகிற மாதிரி நனைந்துபோனது. கை கால் ஜில்லென்று ஆகிவிட்டது. வாந்தி வேறு. தூக்கிக்கொண்டு ஓடினேன். கதவில் அட்டை தொங்கியது.

சுகந்தி நல்லவள்தான், அன்றைக்கு அவளும் பதறினாள். ஆனால் நோட்டைப் பிரித்துக் காட்டினாள். “மேடம், ஒண்ணுகூட மிச்சமில்ல. கடைசிக் கையெழுத்து காலையில அந்தச் சிரங்குக்குப் போயிட்டு.”

“கையெழுத்தையா சிஸ்டர் இப்ப வாயில ஊத்தப் போறேன்? பிள்ளையக் கொண்டாங்க” என்றது டாக்டரம்மா.

முறையென்று ஒன்று இருக்கிறதே, பெரிய டாக்டருக்குப் போனும் போட்டது. அவர் ஏதோ காதுகுத்து வீட்டில் இருந்தார். மைக் செட் சத்தத்தில் அவர் பேசியது எனக்கே கேட்டது. “பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி விடு. நம்பர் வர்ற நேரத்துல நீயா எதுலயும் கை வைக்காத.”

“ரெண்டு மணி நேரம் போகணும் சார். ஆம்புலன்ஸ் வேற ஊருக்குப் போயிருக்கு. வழியிலயே போயிரும் சார்.”

“சொன்னதச் செய்யும்மா.”

டாக்டரம்மா போனைக் கவிழ்த்து வைத்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இவள் கையைப் பிடித்தது. மிளகைவிடச் சின்ன மாத்திரை, அதையும் பாதியாக உடைத்து, கரைத்து ஊட்டியது. நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தது அக்கா, பிள்ளையின் முகத்துக்கு நேராக. நான் பக்கத்தில். நம்மைப் போல ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து பயப்படுகிற மாதிரியே இருந்தது. பொழுது சாயும்போது இவள் கையில் சூடு வந்தது. மறுநாள் காலையில் பன் கேட்டாள். அப்போதுதான் டாக்டரம்மா எழுந்து முகம் கழுவப் போனது.

தான் படித்த ஊரில் தேளில்லை என்றதே, இந்த வைத்தியத்தை எங்கே படித்ததோ, பாருங்கள்.

திங்கள்கிழமை பெரிய டாக்டர் வந்து அடுத்த வாரத்துக்கு நூற்றிருபது போட்டார். சுகந்தி முதல் கட்டத்தில் தன்ஷிகா பெயரை எழுதினாள். ஆக நோட்டின்படி என் பிள்ளையைத் தேள் கொட்டியது திங்கள்கிழமை. சனிக்கிழமை கொட்டவில்லை. எனக்கு அது ஒருமாதிரி இருந்தது. ஆனால் வாய் வருமா எனக்கு? பேசாமல் வந்துவிட்டேன்.

அப்புறம் போன மாசம், டாக்டரம்மாவுக்கு வருஷம் முடிய மூன்றே வாரம். மெட்ராஸிலிருந்து ஆபீஸர்கள் மூன்று பேர் வரப்போகிறார்கள், நோயாளிகளை விசாரித்துவிட்டுத்தான் நம்பருக்கு எழுதுவார்கள் என்றார்கள். சுகந்தி ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தாள். அதில் நான் ஒருத்தி. ஏன் தெரியுமா? “நீதாம்ட்டி வாயே தொறக்க மாட்ட. கேட்டா தலையாட்டு, போதும்” என்றாள். வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுத்தாள். தேள் எப்பம் கொட்டுச்சு? திங்கக்கிழமை. யார் பாத்தா? ரெண்டு டாக்டரும். பெரிய டாக்டர் எங்க நின்னார்? பக்கத்துல. பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பிக்க வைத்தாள்.

ஆபீஸர்கள் வந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு அம்மாள்தான் கேள்வி கேட்டார்கள். அன்றைக்குத்தான் பெரிய டாக்டரை அந்த நாற்காலியில் முதல்முதலாகப் பார்த்தேன். டவல்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா சுவர் ஓரமாக நின்றது, கையைக் கட்டிக்கொண்டு. மற்ற நாலு பேரும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். என் முறை வந்தது. நானும் ஆட்டியிருப்பேன் அக்கா, சத்தியமாக. தலையைத் தயாராகத்தான் வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டர் எட்டி இவள் கன்னத்தைக் கிள்ளி, “ஹர்ஷினிக்குட்டிதான இது? இவளப் பக்கத்துல நின்னு நான்தான மேடம் காப்பாத்துனேன்” என்றார்.

ஹர்ஷினியாம்!

என்னமோ ஏறிவிட்டது எனக்கு. வாழ்க்கையில் அதுவரை வராத பேச்செல்லாம் மொத்தமாக வந்துவிட்டது. “இவ பேரு தன்ஷிகா. கொட்டுனது சனிக்கிழமை. இவர் வரவே இல்ல. காதுகுத்து வீட்டுல இருந்தாரு. டாக்டரம்மா தனியாத்தான் பாத்துச்சு” என்றேன்.

சுகந்தி என் காலை மிதித்தாள். நான் காலை நகர்த்திக்கொண்டேன்.

கண்ணாடி போட்ட அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்கள். “தனியாவா?”

“தனியாத்தான்.”

“சீனியர் டாக்டர்கிட்டக் கேக்கலயா?”

“கேட்டுச்சு. கை வைக்காதன்னு சொன்னாரு. அதையும் மீறித்தான் பாத்துச்சு!”

அந்த அம்மாள் எழுத ஆரம்பித்தார்கள். நான் சொல்வதை ஒருத்தர் எழுதுவது அதுதான் முதல்தடவை. என் வீட்டுக்காரர்கூட நான் பேசினால் டிவி சத்தத்தைக் குறைக்க மாட்டார். இவர்கள் பேனாவைப் பிடித்துக்கொண்டு, “இன்னும் சொல்லுங்கம்மா, பயப்படாதீங்க” என்றார்கள். எவ்வளவு மரியாதை! நான் ஒன்றையும் விடவில்லை அக்கா. வேணி பிரசவம், தனியாக. கொழுந்தன் கால், தனியாக. தபால்காரர் நெஞ்சுவலி, தனியாக. திங்கள்கிழமை கையெழுத்து வரைக்கும் சொல்லிவிட்டேன். இப்படி ஒரு டாக்டரைப் பெரிய டாக்டர் நிழலில் நிறுத்தி வைத்திருக்கிறார்களே, இவர்களுக்குத் தெரியட்டும் என்றுதான்.

டாக்டரம்மா ஒருதடவை, “போதும் காளீஸ்வரி” என்றது. பாவம், அதற்குத் தன்னைப் புகழ்ந்தால் பிடிக்காது. கண்ணெல்லாம் தண்ணீர். அதைப் பார்த்து எனக்கும் அழுகை வந்துவிட்டது. பெரிய டாக்டர் டவலை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நல்லா வேணும் என்று நினைத்தேன்.

கடைசியில் அந்த அம்மாள், “இதெல்லாம் நீங்க நேர்ல பாத்ததுதான? அப்ப இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க” என்று தாளை நீட்டினார்கள். போட்டேன். மு. காளீஸ்வரி என்று, முழுசாக. அந்த ஆஸ்பத்திரியில் நடந்ததை நேரில் பார்த்துவிட்டு ஒரு ஆள் போட்ட கையெழுத்து என்றால் அது என்னுடையது ஒன்றுதான்.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் நானே சந்தோஷமாகக் கேசரி கிண்டினேன்.

பத்து நாளில் தபால் வந்தது. மேற்பார்வை இல்லாமல் வைத்தியம் பார்த்ததால் டாக்டரம்மா செய்த பதினொன்றரை மாசமும் செல்லாதாம். வேறு ஊரில், முதலிலிருந்து, இன்னொரு வருஷம். அதுவும் இடம் கிடைத்தால்.

பெரிய டாக்டரா? அவருக்கென்ன. ‘எனக்குத் தெரியாமல், நான் தடுத்தும் கேட்காமல் செய்திருக்கிறாள்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நம்பிப் போட்டு வைத்த கையெழுத்தையும் டாக்டரம்மாதான் தப்பாகப் பயன்படுத்திக்கொண்டதாம். ‘கை வைக்காதே’ என்று அவர் சொன்னதற்குச் சாட்சிகூட இருக்கிறதாம். யார் சாட்சி சொன்னார்களோ தெரியவில்லை. மேற்பார்வை பலமாக இருக்க வேண்டும் என்று மேலே முடிவெடுத்து, இப்போது சுற்றுவட்டாரத்தில் ஐந்து ஆஸ்பத்திரிக்கு அவரையே மேற்பார்வை டாக்டராகப் போட்டிருக்கிறார்கள். ஐந்து நாற்காலி, ஐந்து டவல். எங்கள் ஆஸ்பத்திரியில் இப்போது வாரம் முழுக்க அட்டைதான் தொங்குகிறது. போன வாரம் வேணி பிள்ளைக்குச் சளி கட்டி, பெரியாஸ்பத்திரி போவதற்குள் மூச்சு முட்டிவிட்டது. ஏதோ பிழைத்தது.

யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள் அக்கா. அதுதான் என் வயிற்றெரிச்சல். ஆபீஸர்கள் நான் சொன்னதையெல்லாம் அவ்வளவு பிரியமாக எழுதிக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் எவரோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்க வேண்டும். எனக்குச் சுகந்திமேல்தான் சந்தேகம். அவள் என்ன சொல்கிறாள் தெரியுமா? என் வாசலில் நின்றுகொண்டு, “ஊமச்சின்னு நம்பிக் கூட்டிட்டுப் போனேன், ஒரே நாள்ல அந்தப் பிள்ள பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேட்டி” என்கிறாள். தன் பழியை என்மேல் போடுகிறாள்! நான் புகழ்ந்துதானே சொன்னேன்? உசிரைக் காப்பாற்றியது என்று சொன்னதற்கு யாராவது தண்டனை கொடுப்பார்களா? நீங்களே சொல்லுங்கள்.

டாக்டரம்மா மத்தியானப் பஸ்ஸுக்குச் சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தது. நான் ஸ்டாண்டில் போய் நின்றேன். அழுதேன். அது பெட்டியைத் திறந்து இந்தக் குல்லாயை எடுத்து இவள் தலையில் போட்டது. “அங்க பனியில போட்டுக்கிட்டது. இங்க எனக்கு எதுக்கு” என்றது. அப்புறம், “நீங்க பொய் சொல்லல காளீஸ்வரி. அத நெனச்சு வருத்தப்படாதீங்க” என்றது. நான் எதற்கு வருத்தப்படப் போகிறேன்? ஏன் அப்படிச் சொன்னதென்று அப்போது விளங்கவில்லை.

இப்போதும் விளங்கவில்லைதான். சிலநேரம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும்போது அது ஞாபகம் வரும். கை அப்படியே நின்றுவிடும். நான் பிறந்ததிலிருந்து ஒரே ஒரு நாள்தான் அக்கா வாயைத் திறந்தேன். அது தப்பாகப் போயிருக்குமா? போகாது. அப்படியெல்லாம் இருக்காது. ஆபீஸர்களுக்கு நான் சொன்னது போதவில்லை, அதுதான் விஷயம். அஞ்சு நிமிஷத்தில் என்னத்தைச் சொல்லிவிட முடியும்? அதனால்தான் இந்தத்தடவை எழுத்தில் கொடுக்கிறேன், கலெக்டர் கையிலேயே. வேணி, கொழுந்தன், தபால்காரர் எல்லோரிடமும் கேட்டு, தேதி போட்டு, டாக்டரம்மா ஆள் துணையில்லாமல் பார்த்ததாக நாற்பத்தேழு எழுதியிருக்கிறேன். ஆபீஸர்களுக்குத் தெரியாதது மட்டுமே நாற்பதுக்கு மேல் இருக்கும்.

எழுதுங்கள் அக்கா. ‘ஐயா அவர்களுக்கு’, அது எழுதிவிட்டீர்களா? நல்ல எழுத்து உங்களுக்கு. ‘எங்கள் டாக்டர் பெனிட்டா அவர்கள் யாருடைய மேற்பார்வையும் இல்லாமல்...’ அப்படியே எழுதுங்கள். ‘தனியாக’ என்று வருகிற இடத்திலெல்லாம் அடியில் ஒரு கோடு போட்டுவிடுங்கள், கலெக்டர் கண்ணில் படட்டும்.

என்ன அக்கா, பேனாவை மூடிவிட்டீர்கள்?

மை இல்லையா? இருக்கிறதே. உங்கள் ஊர் வந்துவிட்டதா? ஏன் ஒன்றும் பேசாமல் இருக்கிறீர்கள்? என்னைவிடக் கூச்சக்காரியாக இருப்பீர்கள் போலிருக்கிறதே!

சரி, கை வலிக்கும், பஸ் வேறு ஆட்டுகிறது. என் பென்சில் மனுவையே கொடுத்துக்கொள்கிறேன். அந்தப் பேனாவை மட்டும் கொஞ்சம் கொடுங்கள். கோடு போடுவதற்கு அஞ்சாம் வகுப்பு போதும்.

இந்தாருங்கள், முதல் கோடு. நேராக வந்திருக்கிறதா, பாருங்கள்.